பிகேஎக்ஸெக் ஓட்டையை அடைத்த நான்கு நாள்

2022 ஜனவரி 26, புதன்கிழமை. சிங்கப்பூரின் ஈசூனில் ரயில் ஏறி இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தேன். அலுவலகக் குழுவில் இரவோடு இரவாகச் செய்திகள் குவிந்திருந்தன. நம் நேரப்படி பின்னிரவு ஒரு மணிக்குக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தார்கள். லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் போல்கிட் என்ற தொகுப்பு இருக்கும். அதில் உள்ள பிகேஎக்ஸெக் என்ற சின்னஞ்சிறு நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் கடவுச்சொல் கேட்கப்படாமலேயே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி, ஆகிவிடலாம். அதிகாரப்பூர்வ எண் சிவிஇ-2021-4034. கண்டுபிடித்தவர்கள் வைத்த செல்லப் பெயர் பவுன்கிட். தமிழில் எழுதினால் நகைக்கடைச் சீட்டுத் திட்டம் போலத்தான் இருக்கிறது.

அலுவலகக் கணினிகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பதைப்பு தேக்காவில் இருக்கும் பதினொரு கணினிகளை நினைத்துத்தான்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் இரண்டாம் மாடியில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் துணைப்பாட வகுப்பு நடத்துகிறார். நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழக ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். ஒவ்வொரு கணினிக்கும் பிள்ளைகளே பூவின் பெயர் சூட்டியிருக்கிறார்கள்: மல்லிகை, முல்லை, கனகாம்பரம், ஆர்க்கிட், தாழம்பூ என்று. எல்லாவற்றிலும் 'மாணவர்' என்று ஒரே பொதுக் கணக்கு. அதற்கு நிர்வாக உரிமை கிடையாது. அந்த ஒரு வேலியை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நின்றுகொண்டிருந்தது.

குழுவில் ஒரு நண்பர், "இது உள்ளிருப்பவர்கள் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓட்டை. இணையம் வழியாக யாரும் நேராக உள்ளே வர முடியாது. அவசரமில்லை" என்று எழுதியிருந்தார். அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். எங்கள் வகுப்பில் பயனாளர் அத்தனை பேரும் உள்ளிருப்பவர்கள். உயர்நிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகள், பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்பவர்கள், ஆர்வத்துக்குப் பஞ்சமில்லாதவர்கள். அறிவிப்பு வெளியான சில மணி நேரத்திலேயே ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல்களும் இணையத்தில் உலவத் தொடங்கியிருந்தன.

டீச்சரை அழைத்தேன்.

"டீச்சர், இன்று பிள்ளைகளைக் கணினிப் பக்கம் விட வேண்டாம். இரவு நான் வந்து சரிசெய்துவிடுகிறேன்."

"இன்று தட்டச்சு நாளாயிற்றே, தம்பி. பொங்கல் கட்டுரை பாதியில் நிற்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?"

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

ஏழரை மணிக்குத் தேக்கா வந்து சேர்ந்தேன். ஊர்வலம் இல்லாத தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் கோவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் டோக்கனைக் காட்டிவிட்டு மாடி ஏறினேன். டீச்சரும், எப்போதும் கடைசியாக வீட்டுக்குப் போகும் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவனும் இருந்தார்கள். அவன் எனக்கு உதவிக்கு நிற்பது வழக்கம். நன்றாகப் படிப்பவன், கை சும்மா இருக்காதவன்.

முதலில் மல்லிகை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, யூஎஸ்ஆர்-பின் கோப்புறையில் இருக்கும் பிகேஎக்ஸெக் கோப்பின் உரிமைகளைப் பார்த்தேன். சாதாரண நிரலாக இருந்தால் உரிமையாளரின் பகுதியில் 'ஆர், டபிள்யூ, எக்ஸ்' என்று வரும். இதில் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்'. டெர்மினல் அந்தப் பெயரைச் சிவப்புப் பின்னணியில் காட்டுகிறது. அந்த ஒற்றை எழுத்துக்கு செட்யூஐடி என்று பெயர். யார் இயக்கினாலும் இந்த நிரல் தன் உரிமையாளரான ரூட்டின் அதிகாரத்தோடுதான் ஓடும் என்று பொருள். "இவருக்கு இந்த வேலையைச் செய்ய அனுமதி உண்டா?" என்று விசாரித்த பிறகே அந்த அதிகாரத்தைக் கைமாற்ற வேண்டியது பிகேஎக்ஸெக்கின் கடமை. 2009 மே மாதம் எழுதப்பட்ட நாளிலிருந்தே அந்த விசாரணைக்கு முன்னால் ஒரு கதவு திறந்து கிடந்திருக்கிறது.

திருத்தம் தயாராகவே இருந்தது. குவாலிஸ் இதை 2021 நவம்பரிலேயே உரியவர்களுக்குத் தெரிவித்து, உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் வெளியீட்டாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்தத்தை வெளியிடும்படி நாள் குறித்துத்தான் அறிவித்திருந்தது. ஆகவே வேலை எளிது: தொகுப்புப் பட்டியலைப் புதுப்பி, போல்கிட்டைப் புதுப்பி, அடுத்த கணினிக்குப் போ. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முல்லையிலேயே கணக்கு தப்பியது. வேறொரு செயல் தொகுப்புப் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று செய்தி வந்தது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை நானேதான் எல்லாக் கணினிகளிலும் போட்டு வைத்திருந்தேன். ஆனால் டீச்சர் மின்சாரச் சிக்கனம் கருதி இரவில் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுவார். விடியற்காலையில் நடக்க வேண்டிய புதுப்பிப்பு, கணினியைத் திறக்கும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கும். பிள்ளைகள் மூடியைச் சாத்தினால் நின்றுவிடும். இப்போது நான் திறந்ததும் அது மீண்டும் தொடங்கியிருக்கிறது. இந்த இடத்தில் பொறுமை இழந்து அந்தச் செயலைக் கொன்றால் தொகுப்புகள் அரைகுறையாக நிறுவப்பட்டு, இருக்கிற தலைவலியோடு இன்னொன்றும் சேரும். கீழே இறங்கிப் போய் மூன்று கோப்பி வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது முல்லை தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருந்தது.

புதுப்பித்த பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்தபோது பையன் குழம்பினான்.

"அங்கிள், இன்னும் 0.105 என்றே காட்டுகிறதே? அது பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பு. ஓட்டை அப்படியே இருக்கிறதா?"

நல்ல கேள்வி. 0.105 வெளிவந்தது 2012இல். அதற்கடுத்த பதிப்பிலிருந்து போல்கிட் தன் விதிகளை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதச் சொன்னது. அதற்காக ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் எந்திரத்தையே கூடச் சுமக்க டெபியன்காரர்கள் மனமில்லாமல் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். உபுண்டுவும் அந்த வழியே. திருத்தம் வரும்போது முன்பாதி எண் மாறாது. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் வால்தான் நீளும். உபுண்டு 20.04இல் '0.105-26உபுண்டு1.2' என்று இருந்தால் ஓட்டை அடைபட்டது, வால் 1.1 என்றால் இல்லை. 18.04க்கு வால் வேறு. பதிப்பின் முன்பாதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பக்கமும் தவறு செய்வோம்.

ஒன்பதேகால் மணிக்குள் பத்து கணினி முடிந்தது. எதையும் மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை என்பது ஆறுதல். ஓட்டை இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் அணைத்துத் திறக்க வேண்டியிருக்கும். பிகேஎக்ஸெக் அழைக்கும்போது மட்டும் புதிதாக ஓடும் நிரல். கோப்பு மாறிவிட்டால் அடுத்த அழைப்பிலிருந்தே புதியதுதான்.

பதினொன்றாவது தாழம்பூ. தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்தேன். பிழை எதுவும் இல்லை. "எல்லாத் தொகுப்புகளும் அண்மைய நிலையில் உள்ளன" என்றது. சரி, தானாகவே திருத்தம் வந்துவிட்டது போலும் என்று எண்ணி அடுத்த வேலைக்குத் திரும்பப் போனவன், பழக்க தோஷத்தில் வால் எண்ணைப் பார்த்தேன். பழைய வால்.

காரணம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாழம்பூவில் இருந்தது உபுண்டு 21.04. நான் ஏற்றியது 20.04தான். "புதிது நன்றாக இருக்கும்" என்று சென்ற ஆண்டு என்னிடம் அனுமதி கேட்டு அதை உயர்த்தியவன் இதே பையன், தலையசைத்தவன் நான். 21.04 ஒன்பது மாதம் மட்டுமே பராமரிக்கப்படும் இடைக்காலப் பதிப்பு. அதன் ஆயுள் முடிந்த நாள் 2022 ஜனவரி 20. அமெரிக்க நேரப்படி ஓட்டை அறிவிக்கப்பட்டது ஜனவரி 25. ஐந்தே நாள் இடைவெளியில் தாழம்பூ அநாதையாகிவிட்டது. புதுப்பிப்புகளை இறக்கும் களஞ்சியம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்கிறது. புதிதாக எதுவும் வராது என்பதை மட்டும் சொல்வதில்லை. இருக்கிற பட்டியலோடு ஒப்பிட்டால் எல்லாம் அண்மையதுதானே! கணினி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் வேறு.

உடனடிச் சிகிச்சையாக அந்த 'எஸ்'ஸை நீக்கினேன். சிஎச்மோட் கட்டளையால் 4755 என்ற உரிமையை 0755 ஆக்கிவிட்டால் பிகேஎக்ஸெக் சாதாரண நிரலாகிவிடும்; ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரூட் அதிகாரம் கிடைக்காது. அதோடு விடாமல் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைட் மூலம் இந்த மாற்றத்தைப் பதிவும் செய்தேன். இல்லாவிட்டால் என்றாவது தொகுப்பு மறுபடி நிறுவப்படும்போது பழைய உரிமையும் கூடவே திரும்பி வந்துவிடும்.

இதற்கு விலையும் உண்டு. வட்டுகளைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் போன்ற சில நிரல்கள் பிகேஎக்ஸெக் வழியாகத்தான் ரூட் ஆகின்றன. அவை இனி "பிகேஎக்ஸெக் செட்யூஐடி ரூட்டாக இருக்க வேண்டும்" என்று முறையிட்டுவிட்டு நின்றுவிடும். இரண்டு நாளைக்கு யாரும் வட்டைப் பிரிக்கப் போவதில்லை, போகட்டும்.

கிளம்பும் முன், ஒரு சடங்குபோல, உள்நுழைவுப் பதிவுகளைத் தேடினேன். இந்த ஓட்டையை வழக்கமான முறையில் பயன்படுத்தினால் பதிவேட்டில் ஒரு தடயம் விழும் என்று அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். தடயமே இல்லாமலும் செய்ய முடியும் என்றும் எழுதியிருந்தார்கள். பத்து கணினிகளில் ஒன்றும் இல்லை. தாழம்பூவில் ஒரு வரி இருந்தது. நேரம் பிற்பகல் 3.47. பயனர் 'மாணவர்'. "ஷெல் மாறியின் மதிப்பு ஷெல்கள் பட்டியல் கோப்பு காணப்படவில்லை" என்கிற மாதிரி ஒரு செய்தி. 'கோப்பில்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வேற்றுமை உருபு விட்டுப்போனது என் மொழிபெயர்ப்பின் குறையன்று. ஆங்கில மூலத்திலேயே அங்கே ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. அந்த எழுத்துப் பிழையால்தான் அது அறிவிப்பில் படித்த அதே வரி என்று ஐயமில்லாமல் தெரிந்தது.

டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். மூன்றே முக்காலுக்கு வகுப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். தாழம்பூவில் உட்காருபவன் யார் என்று பதிவேட்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை. பையனின் காதுமடல் சிவந்துவிட்டது.

"ஏன் செய்தாய்?" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை.

"உண்மையாகவே நடக்குமா என்று பார்த்தேன், டீச்சர். நடந்தது. உடனே மூடிவிட்டேன்."

"கட்டுரை?"

"முடித்துவிட்டேன், டீச்சர்."

கணினிகளில் அனுமதியின்றி நுழைவதற்கு எதிராக 1993 முதல் இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதை அவனிடம் சொன்னேன். பயமுறுத்த அன்று, அவனுக்குத் தெரியாது என்பதால். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு நான் கேட்டது வேறு: "எங்கிருந்து இறக்கினாய்? அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்தாயா?" படிக்கவில்லை. யாரோ எழுதிய நிரலை இறக்கித் தொகுத்து ஓட்டியிருக்கிறான். அந்த நிரல் அவனுக்கு ரூட் உரிமையைக் கொடுத்தது உண்மை. கூடவே இன்னும் என்னென்ன செய்தது என்பது அதை எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

நேரம் அதிகம் போனது இங்கேதான். ஓட்டையை அடைப்பது பத்து நிமிட வேலை. ஏற்கெனவே உள்ளே வந்து போன கணினி மறுபடி நம்பத்தக்கதாக ஆக வேண்டும் என்றால் துடைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதைத் தவிர எனக்குத் தெரிந்த வழி இல்லை. அதற்கு முன்னால், ரூட்டின் கண்ணுக்கு அந்தக் கணினியில் என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். வைஃபை கடவுச்சொல்: ரூட் மட்டும் படிக்கக்கூடிய கோப்பில், மறையாக்கம் இல்லாமல், பச்சையாக இருக்கிறது. டீச்சரின் மின்னஞ்சல்: மதிப்பெண் அனுப்ப அவர் தாழம்பூவில் நுழைந்து, வெளியேறாமல் விட்டிருக்கிறார். கடைசியாக என் நிர்வாகக் கடவுச்சொல்லின் சுருக்கக் குறியீடு (ஹாஷ்); அதை வைத்துக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கலாம். இந்தக் கடைசியை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு கணினிக்கும் நான் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவனும் நான்தான்.

பதினோரு மணி வரை கடவுச்சொற்களை மாற்றினோம். கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது.

வியாழனும் வெள்ளியும் அலுவலக வேலையில் போயின. வெள்ளி மாலை சிம் லிம் சதுக்கத்தில் இரண்டு யூஎஸ்பி குச்சி மட்டும் வாங்கினேன்.

சனிக்கிழமை, 29ஆம் தேதி. தாழம்பூவைத் துடைத்து மீண்டும் 20.04 ஏற்றினேன். 21.10க்கு உயர்த்தியிருக்கலாம், அதற்குத் திருத்தம் உண்டு. ஆனால் அதுவும் ஜூலையில் ஆயுள் முடியும். நன்கொடைக் கணினிக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடிவர என்னால் முடியாது.

நிறுவல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் கேட்டான்: "அந்த நிரல் எப்படி வேலை செய்கிறது, அங்கிள்? படித்துப் பார்த்தேன். புரியவில்லை." இப்போதாவது படித்தானே என்று வெள்ளைப் பலகைக்குப் போனேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகள் வரிசையாக இருக்குமே, அதை வரைந்தேன். ஒரு நிரல் தொடங்கும்போது கெர்னல் அதற்குக் கொடுக்கும் தகவல்களும் இப்படித்தான் வரிசையாக அடுக்கப்படுகின்றன. முதலில் கட்டளைச் சொற்களுக்கான பெட்டிகள். அவை முடிந்ததும் ஒரு வெற்றுப் பெட்டி, எல்லைக்கல் மாதிரி. அதையடுத்துச் சூழல் மாறிகளின், அதாவது நிரல் ஓடும் சூழலைச் சொல்லும் அமைப்புகளின், பெட்டிகள். கட்டளைச் சொற்களில் முதலாவது எப்போதும் நிரலின் சொந்தப் பெயர். ஆகவே குறைந்தது ஒரு பெட்டியாவது நிரம்பியிருக்கும் என்பது எல்லாரும் எடுத்துக்கொள்ளும் வழக்கம். வழக்கம்தான், விதியன்று. ஒரு நிரலை ஒரு சொல்கூடக் கொடுக்காமல் தொடங்கி வைக்கவும் லினக்ஸ் அனுமதித்தது.

அப்போது என்ன ஆகும்? முதல் பெட்டியே எல்லைக்கல். பிகேஎக்ஸெக்கோ எண்ணிப் பார்க்காமல், தன் பெயருக்கு அடுத்த பெட்டி என்று நினைத்து இரண்டாவதைத் திறக்கிறது. அது அடுத்த வீட்டுக்காரருடையது, அதாவது முதல் சூழல் மாறி. அதில் இருப்பதை ஏதோ ஒரு நிரலின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று தேடி, முழு முகவரியைக் கண்டுபிடித்து, அதே பெட்டியில் திருப்பி வைக்கிறது. பிறர் பெட்டியைப் படித்தது ஒரு தவறு. அதில் எழுதியது அதைவிடப் பெரிய தவறு.

"எழுதினால் என்ன, அங்கிள்? அது அவர்களே கொடுத்த மாறிதானே?"

அங்கேதான் சூட்சுமம். செட்யூஐடி நிரல் தொடங்கும் முன், ஆபத்தான சூழல் மாறிகளை எல்லாம் கணினி களைந்துவிடுகிறது. வாசலில் பை சோதனை நடக்கிற மாதிரி. பிகேஎக்ஸெக் தன் கையாலேயே பெட்டியில் எழுதுவது அந்தச் சோதனை முடிந்த பிறகு. ஆகவே களையப்பட்ட மாறி ஒன்றை, சோதனையைத் தாண்டி உள்ளே வரும்படி திட்டமிட்டு எழுத வைக்கலாம். பிகேஎக்ஸெக் சற்று நேரத்தில் எல்லாச் சூழல் மாறிகளையும் துடைத்துப் போட்டுவிடும்தான். ஆனால் அதற்குள் ஏதேனும் ஒரு மாறி சந்தேகத்துக்குரியதாக இருந்தால் ஒரு பிழைச் செய்தியை அச்சிடுகிறது. அந்தப் பிழைச் செய்தியைப் பயனரின் எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றுவதற்காக, லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் மாற்றி அழைக்கப்படுகிறது. மாற்றி எங்கே இருக்கிறது என்று சொல்வது ஜிகான்வி-பாத் என்ற மாறி. அதைத்தான் தாக்குபவர் நட்டு வைத்திருக்கிறார். அவர் காட்டும் இடத்திலிருந்து 'மாற்றி' ஏற்றப்படுகிறது, ரூட் அதிகாரத்தோடு.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சர் பின்னாலிருந்து, "மாற்றி என்றால் நம் திஸ்கி மாற்றியா?" என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. அதே மாற்றிதான். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டீச்சர் திஸ்கி குறியாக்கத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த பயிற்சித் தாள்களை, ஐகான்வி என்ற மாற்றுக் கருவி கொண்டு ஒரே மாலையில் நான் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். ஜிலிப்சியின் மாற்றிக் கோப்புறையில் திஸ்கிக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. தாழம்பூவில் திறந்து காட்டினேன். 1997இல் நா. கோவிந்தசாமி இதே சிங்கப்பூரில் கூட்டிய தமிழிணைய மாநாட்டின் காலத்தில் ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பையைத் தமிழாக்க உதவிய பொறியைத் தாக்குபவர்கள் இப்படி வளைத்திருக்கிறார்கள்.

திருத்தத்தின் சாரம் இரண்டு வரி. சொற்களின் எண்ணிக்கை ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் உடனே வெளியேறு. மேலே எழுதியிருந்த குறிப்பைப் பையனுக்குப் படித்துக் காட்டினேன்: இவ்வளவு தவறாக அழைப்பவர் தீங்கு நினைப்பவராகத்தான் இருப்பார்; மரியாதை பார்க்காமல் வெளியேறிவிடு என்று இருக்கிறது. சிரித்தான். புதன்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். (பின்னாளில், 5.18 பதிப்பிலிருந்து, லினக்ஸ் கெர்னலே சொல்லில்லாத அழைப்பில் ஒரு வெற்றுச் சொல்லை நுழைத்துவிடுகிறது. அந்த வழக்கம் கடைசியில் விதியாயிற்று.)

தாழம்பூ தயாரானது. சோதனைக்காக ஒரு பக்கத்தை அச்சிட்டேன். அச்சுப்பொறியின் பெயர் திரையில் வந்தது: 'அரளியில் உள்ள அச்சுப்பொறி'.

"அரளி எது, டீச்சர்? என் பட்டியலில் அரளியே இல்லையே."

"அதுவா? அது கணினி இல்லை, தம்பி. பிரிண்டர் பெட்டி."

அலமாரிக்குப் பின்னால், தூசி படிந்த துணிக்கு அடியில், உள்ளங்கையகல விசைப்பலகையோடு ஒரு பழைய நெட்புக் ஓடிக்கொண்டிருந்தது. 32 பிட் ஆட்டம் செயலி, ஒரு ஜிபி நினைவகம். மேலே ஒட்டியிருந்த தாளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். நான் வருவதற்கு முன்னால் யாரோ ஒரு நல்லவர் அச்சுப்பொறியைப் பகிர்வதற்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உபுண்டு 16.04; பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. பிகேஎக்ஸெக்கில் அந்த 'எஸ்' கம்பீரமாக நின்றது. ஓட்டையைக்கூட விடுங்கள், கடவுச்சொல்லே நெற்றியில் ஒட்டியிருக்கிறது.

அரளிக்கு டெபியன் 11 என்று முடிவு செய்தேன். 32 பிட் கணினிக்கு அது அப்போது வந்துகொண்டிருந்தது. அச்சு அமைப்புக் கோப்புகளைக் குச்சியில் எடுத்துக்கொண்டு, திரைமுகப்பு எதுவும் இல்லாமல் நிறுவினேன். கப்ஸ் அச்சுச் சேவையை, பரிந்துரைத் தொகுப்புகள் வேண்டாம் என்று சொல்லித் தனியாக ஏற்றினேன். முடித்தபின் பிகேஎக்ஸெக்கைத் தேடினால் அப்படி ஒரு கோப்பே இல்லை. போல்கிட்டே வரவில்லை. காகிதம் அச்சடிக்கும் பெட்டிக்கு அது எதற்கு?

ஆனால் சிக்கனம் அளவு மீறிவிட்டது. மற்றக் கணினிகள் எதற்கும் அச்சுப்பொறி தெரியவில்லை. அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு புரிந்தது: வலையில் "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும் அவாஹி சேவையும் நான் வேண்டாமென்று தள்ளிய பரிந்துரைகளில் ஒன்று. அதை மட்டும் சேர்த்ததும் பதினொரு கணினிகளிலும் அச்சுப்பொறி தோன்றியது. கடவுச்சொல் தாளைக் கிழித்துப் பையனிடம் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன் அவன் அதை இன்னும் நான்காகக் கிழித்தான்.

டீச்சர் அவனுக்கு என்ன தண்டனை கொடுப்பார் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவரே வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் பன்னிரண்டு பூக்களின் பெயர், மேலே சனிக்கிழமைகளின் தேதி. கூப்பிட்டு விசாரித்துக் குறிக்க வேண்டியது பையனின் பொறுப்பாம். பதிப்பு என்ன, ஆதரவு எந்த நாள்வரை, புதுப்பிப்பு பாக்கி உண்டா என்பதை ஒவ்வொன்றிலும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புத்தாண்டு விடுமுறை கழிந்து பிப்ரவரி 5 அன்று வேறு வேலையாகத் தேக்கா வந்தவன் மாடியில் எட்டிப் பார்த்தேன். டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அரளி?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து பையனின் குரல் வந்தது.

"வந்திருக்கிறது, டீச்சர். புதுப்பிப்பு இரண்டு பாக்கி."